நீத்தார் பட்டியல்

நியூயார்க் நகரத்தில் 1973-ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை வீசிய காற்றும் காய்ந்த வெயிலும் என்னுடைய சனிக்கிழமை ஒன்றைப் பறித்துக்கொள்ளும் என்று என் ஜாதகத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும், ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழி பயில்வோருக்குப் பாலபாடமாக வாய்த்திருக்கும் ‘ஏர்க்வாலிட்டி’ என்ற அந்த 153 வரிசை அட்டவணையில், அளவு ஏதேனும் விடுபட்டுப்போன நாட்களைக் களைந்துவிட்டு மிச்சத்தைக் கொண்டு கணக்குப் போடலாமென்று நானும் என்னிடம் வேலை பழகும் தம்பியும் தனித்தனியே முனைந்தபோது, நான் ‘என்ஏ.ஓமிட்’டையும் அவன் ‘கம்ப்ளீட்.கேஸஸ்’ஸையும் பிரயோகித்து, இருவருமே 111 வரிசைகளோடு கரையேறினோம்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றான் தம்பி.

அதோடு விட்டிருக்கலாம். சாஸ்திரோக்தமாகச் சரிபார்த்துவிடுவோமே என்ற அகம்பாவத்தால், ‘ஐடென்டிகல்’ என்னும் நீதிபதியின் முன் இரண்டையும் கொண்டுபோய் நிறுத்தினேன். ‘ஃபால்ஸ்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வந்தது. காரணம் சொல்லுகிற வழக்கம் அந்த நீதிபதிக்குக் கிடையாது. வித்தியாசம் இன்னதென்று வாய்விட்டுச் சொல்லும் ‘ஆல்.ஈக்வல்’ என்ற சாந்த சொரூபியும் அங்கே உண்டு; ஆனால் அவரிடம் போய்க் கேட்க என் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

முதல் சந்தேகம் தசமப் புள்ளிகளின்மேல் விழுந்தது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 தானா என்று கேட்டால், இல்லவே இல்லையென்று சாதிக்கும் பேர்வழிகள் அவை. காற்றின் வேகத்தை ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தேன், 111 பூச்சியங்கள். அடுத்து வரிசைப் பெயர்கள். ஐந்தும் ஆறும் போய்விட்ட பின்னும், நான்குக்கு அடுத்து நிற்பவன் தன்னை ஏழு என்றே சொல்லிக்கொள்கிறான், பழைய கதவு எண்ணை விடாத சென்னை வீட்டுக்காரரைப் போல. ஆனால் அந்தப் பிடிவாதம் இரண்டு அட்டவணைக்கும் பொதுவாயிருந்தது. கடைசியில் இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நான் பரிசோதித்துக்கொண்டிருந்த கோலத்தைக் கண்ட தம்பி, காபி வாங்கிவருவதாகச் சொல்லி நழுவிவிட்டான்.

அவன் திரும்புவதற்குள் ‘அட்ரிப்யூட்ஸ்’ என்று கேட்டுப்பார்க்கும் புத்தி எனக்கு உதித்தது. அச்சில் தலைகாட்டாத ரகசியமொன்று என் அட்டவணையின் மடியில் இருந்தது: ‘என்ஏ.ஆக்‌ஷன்’ என்ற பெயரில், 5, 6, 10, 11, 25 என்று தொடங்கி, களையப்பட்ட 42 நாட்களின் பட்டியல்! தம்பியின் அட்டவணை போனவர்களைத் தலைமுழுகிவிட்டது. என்னுடையதோ, திவசத் தேதி ஒன்றுகூடத் தவறாமல் குறித்துவைத்திருக்கும் குடும்பத்துப் பாட்டியைப் போல, அத்தனை பேரையும் மடியில் முடிந்துவைத்திருந்தது. எத்தனை நாட்களை நீக்கினீர் என்று பின்னால் யாராவது கேட்டால் பதில் சொல்லவேண்டுமே என்ற பொறுப்புணர்ச்சிதான், குற்றம் சொல்வதற்கில்லை.

ஒரே வரியில் அந்தப் பட்டியலை ‘நல்’ ஆக்கினேன். நீதிபதி ‘ட்ரூ’ என்றார்.

தம்பி காபியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தான்.

“நான்தான் அப்பவே சொன்னேனே சார், ரெண்டும் ஒண்ணுதான்னு.”