65,535 கதவும் என் பேராண்டியும்

என்னாடா பேராண்டி, விடியக் காத்தால என்னமோ முணுமுணுக்குற? "22 எஸ்எஸ்எச், 53 டிஎன்எஸ், 443 எச்டிடிபிஎஸ்..." சாமி வந்துருச்சோன்னு வேப்பெல தேடிக்கிட்டு ஓடியாறேன். பாத்தா கம்பியூட்டர் வலைக்கான சிசிஎன்ஏ சோதனையாம்!

அந்த நம்பரெல்லாம் கம்பியூட்டரோட கதவாமே, போர்ட்டுன்னு. மொத்தம் எத்தன கதவுடா? 0-லருந்து 65,535 வரைக்கும்னு நீதான சொன்ன? அம்புட்டையும் மண்டையில ஏத்தப் போறியா? நம்ம லயத்துல காம்பராவுக்கு ஒரு கதவு. அதுலயே ஒங்க பாட்டி இருட்டுல அடுத்த வீட்டுக் கதவத் தட்டிட்டு நிக்கிறா. கம்பியூட்டர்லயும் தெனமும் தட்டுற கதவு பத்தோ பன்னெண்டோதான். அத மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லு. மிச்சக் கதவெல்லாம் பூட்டியே கெடக்கட்டும்.

செவுத்துல என்னாடா அட்டவணை? /24-னா 256 விலாசமாம். மொதலாவது அந்த வலைக்கே பேரு. கடைசி ஒண்ணு எல்லாருக்கும் ஒரே நேரத்துல சத்தம் குடுக்க. பெரட்டுக்கு ஆளு கூப்புட அடிக்கிற நம்ம தப்பு மாதிரி. மிச்சம் 254. அந்த 24-ஓட ஒண்ணு கூட்டினா விலாசம் பாதியாகும். /25-னா 128. /26-னா 64, ரெண்டக் கழிச்சா 62. பாதியாக்கத் தெரிஞ்சவனுக்கு அட்டவணை எதுக்குடா? அரைப் பேரு போட்டுச் சம்பளத்த வெட்டுன காலத்துல, வெரல மடக்கியே கணக்கப்பிள்ளையத் தெணற அடிச்சவ ஒங்க பாட்டி. அவ எந்த செவுத்துல ஒட்டி வச்சிருந்தா?

நான் நாப்பது வருசம் ரப்பர் பால் வெட்டினவன். மரத்தோட லத்தீன் பேரு தெரியாது. மரமும் எங்கிட்டக் கேக்கல. இடப்பக்கம் ஒசத்தி, வலப்பக்கம் தாழ்த்தி வெட்டணும். பால் நாளம் வலப்பக்கமா சாஞ்சு ஏறுது, அப்புடி வெட்டினாத்தான் நெறைய நாளம் அறுபடும். காரணம் வெளங்கிருச்சு, கை மறக்கல.

மனப்பாடமே வேணாம்னா சொல்றேன்? சோதனை 120 நிமிசம். அங்க போன எடுத்து கூகிள் சாமியக் கேக்க விடுவானா? சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். அதுக்காக சட்டிக்குள்ள கல்லையும் சேத்து ரொப்புவியா?

யாரோ காசுக்குக் கேள்வியும் பதிலுமா விக்கிறானாமே. அதையும் வாங்கி நெட்டுருப் போடுறியாமே? கேளு. நம்ம களனி கங்கையில, இதே கித்துல்கலயில, வெள்ளக்காரன் ஒரு பாலம் கட்டினான். 1957-ல வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்கு. மாசக்கணக்காக் கட்டி, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வெடி வச்சிட்டான். அவனுக்கு ஏழு ஆஸ்கார் கெடச்சுச்சு. சோதனைக்குன்னு கட்டி மக்காநாளே வெடிச்சுப் போற ஒன் பாலத்துக்கு யாருடா ஆஸ்கார் குடுப்பா? தேறினாக் குடுக்குற சட்டிபிகேட்டுக்கே மூணு வருசந்தான் ஆயுசாம்.

சரி, நோட்ட மூடு. வைஃபை பொட்டியில லைட்டே எரியல. பாட்டிக்கு நாடகம் பாக்கணுமாம். ஓஎஸ்ஐ, ஏழு அடுக்குன்னு ராத்திரி பூரா ஒப்பிச்சியே, எந்த அடுக்குல கோளாறுன்னு யோசிச்சுச் சொல்லு.

நீ யோசி. அதுக்குள்ள நான் பிளக்கு மாட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன்.