கதவு பேசுது, காதக் குடும் மருமவனே

வாரும் மருமவனே, உக்காரும். டோல்கேட்டுல பாஸ்டேக் ஓடலன்னு கதவத் தொறந்து எறங்கி நின்னு பேசினீராமே? அம்புட்டு லட்சம் குடுத்து வாங்குன காரு, கண்ணாடி எறங்கலன்னு ஆளே எறங்க வேண்டியதாப் போச்சு. பின்னால நின்ன லாரிக்காரன் அடிச்ச ஆரன் சத்தம் உமக்கு முன்னாலயே ஊருக்குள்ள வந்துட்டு.

இப்ப ஒர்க்‌ஷாப்புல கேட்ட காசு கூடன்னு நீரே மோட்டாரும், கண்ணாடிய ஏத்தி எறக்குத ரெகுலேட்டரும் மாத்தப் போறீராக்கும். நல்லது. படிச்ச புள்ள. போன்ல வீடியோவும் பாத்திருப்பீரு. அந்த வீடியோவுல எவனுக்கும் கை அறுபடாது, ஒரு ஸ்குரூவும் சீட்டுக்கு அடியில உருளாது. அது வேற லோகம்வே.

மோட்டாருக்கு வெலை கேட்டீரு, சரி. கதவுகிட்ட ஒரு வார்த்த கேட்டீரா? சுவிச்ச அமுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு நில்லும். உள்ள விர்ருன்னு மோட்டாரு ஓடுத சத்தம் கேக்கு, கண்ணாடி மட்டும் நகரலன்னா மோட்டாருக்கு ஒரு கேடும் இல்ல. ரெகுலேட்டர்ல கேபிளு அறுந்துருக்கும், இல்லன்னா கண்ணாடியப் புடிச்சிருக்க பிளாஸ்டிக் துண்டு ஒடஞ்சிருக்கும். சத்தம் இல்ல, ஆனா அமுக்கும்போது உள்ள எரியுத லைட்டு லேசா மங்குதுன்னா கரண்டு போவுது, மோட்டாருதான் எங்கயோ இறுகி நிக்கி. ரெண்டும் இல்லயா? பீசப் பாரும், சுவிச்சப் பாரும். அப்புறம் கதவு மூட்டுல ரப்பர்க் குழாய்க்குள்ள போவுத வயரப் பாரும். கதவத் தொறந்து அடைச்சு, தொறந்து அடைச்சு, அந்த எடத்துலதான் அது அறும்.

பின்கதவுன்னா இன்னொரு கூத்து உண்டு. டிரைவரு கதவுல சின்னப் பிள்ளையளுக்காக ஒரு பூட்டு பட்டன் வச்சிருக்கான். அது அமுங்கிக் கெடந்தா மத்த கதவுச் சுவிச்சு எதுவும் கேக்காது. நம்ம சொக்காரர் ஒரு பெரிய ஆபீசர், பேரு வேண்டாம், அந்தப் பட்டன் அமுங்குனதுக்கு ஒரு மோட்டாரே வாங்கிட்டாரு. கழத்துன பழச இன்னும் பத்திரமா வச்சிருக்காரு. புதுசு கணக்கா இருக்குன்னு பெரும வேற. ஏன் இருக்காது?

நம்ம ஊருக் காத்தையும் கணக்குல வையும். ஆடி மாசம் மலையத் தாண்டி வார காத்து முப்பந்தல், பணகுடின்னு காத்தாடி எல்லாத்தையும் சுத்திவிட்டும் அடங்காம, இங்கன கெடக்க மண்ண அள்ளி உம்ம கண்ணாடி ஓடுத ரப்பர்க் காடியில கொட்டுது. கண்ணாடி எறங்கும்போது சுகமா எறங்கி, ஏறும்போது முக்குச்சுன்னா ரப்பரச் சந்தேகப்படும். முக்கி முக்கி மோட்டாரு சூடாயி, தன்னப் போல நின்னுரும். செத்த நேரம் ஆறுனா மறுபடி ஓடும். அத நீரு செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டுருவீரு. ஈரத்துணியால காடியத் தொடைச்சு, சிலிக்கோன் ஸ்பிரே அடியும். ஒங்க அத்தகிட்ட நல்லெண்ண கேட்டு அடுக்களைக்குள்ள போயிராதேயும். நம்ம ஊரு வானமாமலைப் பெருமாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கு, அந்த எண்ணெய் கெணத்துல சேந்து சீக்குக்கு மருந்தாவுதுன்னு நம்பிக்கை. அதப் பாத்து வளந்த ஊரு, கை தன்னால எண்ணெய்க்குத்தான் போவும். ஆனா எண்ணெய் பட்டா ரப்பரு ஊதிப் போவும், மண்ணு வேற அதுலயே ஒட்டிக் கூழாயிரும்.

சரி, ரெகுலேட்டருதான் போச்சுன்னே வையும். அதக் கண்டு மலைக்காண்டாம். 1983-ல மாருதி வந்தப்போ கைப்பிடியச் சுத்திக் கண்ணாடிய எறக்குனோம்லா, உள்ள இருந்ததும் ரெகுலேட்டருதான். இப்ப கை இருந்த எடத்துல 12 வோல்ட் மோட்டாரு இருக்கு, அம்புட்டுதான் சமாச்சாரம்.

மாத்துததுக்கு மொதல்ல கண்ணாடிய மேல தள்ளி, கதவுச் சட்டத்துக்கு மேலயே ரெண்டு பக்கமும் சேத்து டேப்ப ஒட்டும். இதச் செய்யாம போல்ட்டக் கழத்தினா கண்ணாடி கதவுக்குள்ள விழும். விளிம்புல அடிபட்டா மொத்தமும் பொடிப்பொடியாயிரும். பேட்டரி மைனசக் கழத்தும். கைப்பிடிக் குழியில மூடிக்கு அடியில ஒரு ஸ்குரூ ஒளிஞ்சிருக்கும். கதவு உள்பக்கத் தட்டு வரலன்னு காளையப் புடிக்க மாதிரி இழுத்து மல்லுக்கட்டுனீருன்னா, அத மறந்துட்டீருன்னு அர்த்தம். உள்ள ஒட்டியிருக்க பாலித்தீன் தாள நைசா உரியும். அதக் கிழிச்சு எறிஞ்சா மழைத்தண்ணி உம்ம முழங்காலுக்கு வரும். கையொற போட்டுக்கிடும். கதவுக்குள்ள இருக்க தகட்டு விளிம்பு அத்த அரிவாமணைய விடக் கூரு.

ஒரு எடத்துல மட்டும் நான் சிரிக்காமச் சொல்லுதேன். கேபிளுக்குப் பதிலா ரெண்டு கம்பி குறுக்க மடங்கி விரியுத மாடலா இருந்து, அதுல சுருள் வில்லும் இருந்துச்சுன்னா, கம்பிய எறுக்கிக் கட்டாம மோட்டாரக் கழத்தாதேயும். வில்லு சடக்குன்னு சுத்தும். வெரலு போனா ஸ்பேர் பார்ட்ஸ் கெடையாது.

கழத்துன பழசப் பையில போட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸுல போவும். 30 கிலோமீட்டருதான், ஜன்னலோரம் உக்காரும், காத்தாவது வரும். கடையில இடது பக்கமா வலது பக்கமான்னு சொல்லும், பிளக்குல எத்தன முள்ளுன்னு பழசோட வச்சு எண்ணும். எண்ணாம வாங்கிட்டு வந்தீருன்னா மறுநாளும் அதே ஜன்னலோரந்தான்.

மாட்டுன பொறவு தட்ட மூடுததுக்கு முன்னால பேட்டரியச் சேத்து, கண்ணாடிய ஏத்தி எறக்கிப் பாரும். கதவு அடியில தண்ணி வடியுத ஓட்டையில குப்ப அடைச்சிருந்தா குச்சிய விட்டுக் குத்தும். ஒரு தட்டு தட்டுனா தானா ஏறுத கண்ணாடி பாதியில நின்னு திரும்புச்சுன்னா பயப்படாண்டாம். அது மேல் கோடி எதுன்னு மறந்துருக்கும். முழுக்க ஏத்தி, சுவிச்ச விடாம கொஞ்ச நேரம் புடிச்சிரும். ரொம்ப வண்டியில அப்படித்தான் சொல்லிக் குடுக்கணும்.

அப்புறம் கண்ணாடியில ஒட்டியிருக்க அந்தக் கறுப்புத் தாளு. ஒட்டக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2012-லயே சொல்லியாச்சு. கதவு பிரிஞ்சு கெடக்கும்போதே அதையும் உரிச்சிரும். போலீசு நிறுத்துனா கண்ணாடி எறங்க மாட்டேங்குன்னு இனிமே சொல்ல முடியாதுல்லா.