உறங்கும் பாம் பைலட்டை எழுப்பலாமா? வாசகர் கேள்வி-பதில்

? 2002 இல் ஏ9 பாதை திறந்த கையோடு லண்டனிலிருந்து வந்த சித்தப்பா, அப்பாவுக்குப் பாம் எம்100 கையடக்கக் கணினி ஒன்று கொடுத்தார். அப்பா இப்போது இல்லை. வெளிநாட்டுச் சொந்தங்களின் முகவரி எல்லாம் அதற்குள்தான். புது பற்றரி போட்டால் திரை வருகிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. (ஆசிரியை, கொக்குவில்)

அந்தக் கருவியின் நினைவு பற்றரி உள்ளவரைதான். இரண்டு ட்ரிபிள்-ஏ பற்றரிகளையும் கழற்றினால் ஏறக்குறைய ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் புதியதைப் போடாவிட்டால் எல்லாம் போய்விடும். அலுமாரிக்குள் வருடக்கணக்கில் கிடந்ததற்குள் இனித் தேடிப் பயனில்லை.

ஆனால் அப்பா ஹொட்சிங்க் பொத்தானை ஒரு தடவையாவது அழுத்தியிருந்தால், அன்றைய பிரதி வீட்டுக் கணினிக்குள் போயிருக்கும். அந்தப் பழைய பெட்டி எங்கே? அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டு, லினக்ஸ் கணினியில் பொருத்துங்கள். பாம் என்ற பெயருள்ள கோப்புறைக்குள் அப்பாவின் பெயரைச் சுருக்கி இன்னொரு கோப்புறை இருக்கும். அதற்குள் 'அட்ரஸ்' என்றும் 'டேற்புக்' என்றும் 'டட்' முடிவோடு கோப்புகள் இருந்தால் நல்ல காலம். ஜே-பைலட் என்ற இலவச மென்பொருள் அவற்றை இறக்குமதி செய்யும். அதற்குக் கருவியே தேவையில்லை. பிறகு வீகார்ட் வடிவில் ஏற்றுமதி செய்தால் உங்கள் கைத்தொலைபேசியிலேயே ஏற்றலாம்.

அதிலுள்ள எண்களில் பாதி இன்று வேலை செய்யாது, வீடுகளும் மாறியிருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். எந்த மாமா எந்தக் காலத்தில் ரொறன்ரோவில் இருந்தார், எந்தச் சின்னம்மா பாரிஸில் எந்தத் தெருவில் இருந்தார் என்பதெல்லாம் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. ஹார்ட் டிஸ்கைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் தேடுங்கள். இந்தக் கிழமையே தேடுங்கள்.

? யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் யாரிடம் பாம் பைலட் இருந்தது? (வாசகர், சுண்டிக்குளி)

தொடக்கத்தில் அநேகமாக எவரிடமும் இல்லை. முதல் பைலட் 1996 மார்ச்சில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அப்போது வலிகாமத்துச் சனம், 1995 ஒக்டோபர் 30 இல் வெளிக்கிட்ட நடையில், தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் இடம்பெயர்ந்து கிடந்தது. அதற்கு முன்பே வருடக்கணக்காகப் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி றேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. பற்றரியில் ஓடும் குறிப்பேடு இங்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் சமாதான காலத்தில், வெளிநாட்டுப் பயணப் பைகளுக்குள்.

? நான் இன்னும் டங்ஸ்டன் ஈ தான் பாவிக்கிறேன். கடன் கணக்கு முழுக்க அதில். புது விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மகன் உபுண்டு போட்டுத் தந்திருக்கிறான். அதிலும் சரிவரவில்லை. (கடைக்காரர், சாவகச்சேரி)

பாம் நிறுவனம் 64-பிற் விண்டோஸுக்கு யூஎஸ்பி டிரைவர் தரவே இல்லை. 2010 இல் அந்த நிறுவனத்தை எச்பி வாங்கியது, அடுத்த வருடமே அந்தக் கருவித் தொழிலைக் கைவிட்டது. இனித் தருவதற்கும் ஆள் இல்லை. லினக்ஸில் நிலைமை வேறு. கிரெக் குரோ-ஹார்ட்மன் எழுதிய 'வைசர்' என்ற டிரைவர் கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்குச் சரிவராததற்குக் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று.

முதலாவது, கேபிளைச் செருகினால் மட்டும் எதுவும் தெரியாது. ஹொட்சிங்கை அழுத்திய பிறகுதான் கருவி கணினிக்குத் தன்னைக் காட்டும். அப்போது 'ரிரிவை யூஎஸ்பி' என்று இரண்டு போர்ட்கள் முளைக்கும், சிறிது நேரத்தில் மறைந்தும் விடும். பெரும்பாலான பாம்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஆகவே முதலில் கருவியில் அழுத்துங்கள், போர்ட் தெரிந்ததும் ஜே-பைலட்டில் அழுத்துங்கள்.

இரண்டாவது அனுமதி. உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

மூன்றாவதுதான் பலரை அலைக்கழிப்பது. ஜே-பைலட்டுக்குக் கீழே வேலை செய்யும் பைலட்-லிங்க், வைசர் இல்லாமல் நேரடியாகவும் யூஎஸ்பியோடு பேசும். இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால் இரண்டுக்கும் கிடைக்காது. நேரடி வழியைத் தெரிவுசெய்தால் வைசரைத் தடைப் பட்டியலில் போடுங்கள். நான் பரிந்துரைப்பது இந்த நேரடி வழியைத்தான். போர்ட் எண்ணைத் துரத்தும் வேலை இல்லை.

இணைந்ததும் முதல் வேலை ஒத்திசைவு அல்ல, முழுப் பிரதி. பைலட்-எக்ஸ்ஃபர் கட்டளையால் கருவியிலுள்ள அத்தனையையும் ஒரு கோப்புறைக்குள் இறக்குங்கள். உங்கள் கருவியில் பற்றரி உள்ளேயே பூட்டப்பட்டது. அது வயதாகிக் கைவிட்டால் கடன் கணக்கும் சேர்ந்து போகும். ஆட்கள் வாங்கிய கடனுக்கு வேறு சாட்சி இருக்கிறதா?

? ஜே-பைலட்டை யார் இன்னும் பராமரிக்கிறார்கள்? (வாசகி, பருத்தித்துறை)

எழுதியவர் ஜட் மொண்ட்கொமரி. ஜிரிகே என்ற வரைகலை நூலகத்தின் முதலாம் பதிப்பில் தொடங்கி, இரண்டுக்கு மாறி, இப்போது மூன்றுக்கும் கொண்டுவரப்பட்டிருக்கிறது. விற்பனை நின்ற கருவிக்காக இந்த உழைப்பு! மூலநிரல் திறந்திருப்பதால் உங்கள் லினக்ஸின் களஞ்சியத்தில் இல்லாவிட்டாலும் இறக்கித் தொகுத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு நன்றி மடல் எழுதுங்கள்.

? பாம் டெஸ்க்ரொப்பில் பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்புகள் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. (வாசகர், காரைநகர்)

கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பத்திரமாக இருக்கிறது. பாமினி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியேற்றியது. 'அம்மா' என்ற சொல் கணினிக்கு நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான், அரைப்புள்ளிதான் மெய்யின் குற்று. பாம் அவற்றை அப்படியே வைத்திருந்தது. இரண்டு படிகளாக மாற்றுங்கள். முதலில் ஜே-பைலட்டின் எழுத்துத் தொகுதி அமைப்பில் விண்டோஸ் 1252 ஐத் தெரிவுசெய்து, சாதாரண உரைக் கோப்பாக எடுங்கள். பிறகு அந்த உரையை இணையத்தில் கிடைக்கும் ஏதாவது எழுத்துரு மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். முதற்படியைத் தவறவிட்டால் சில எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடலாம், பிறகு மீட்க வழியில்லை.

? எல்லாவற்றையும் கூகிளில் ஏற்றிவிட்டால் போதாதா? (வாசகர், நல்லூர்)

ஏற்றுங்கள். வீட்டிலும் ஒன்று வையுங்கள், வெளியூரில் உள்ள பிள்ளையிடமும் ஒன்று கொடுங்கள். 1981 இல் எரிக்கப்பட்ட நமது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சாம்பலாகிக் கிடந்தவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன.

? அம்மாவின் திவசத்தைப் பாமில் 2032 க்குப் பதிய முடியவில்லை. (வாசகி, உரும்பிராய்)

அதன் நாட்குறிப்பு 2031 டிசம்பர் 31 உடன் முடிகிறது. ஒரு திகதிக்கு 16 பிற் மட்டுமே: மாதத்துக்கு 4, நாளுக்கு 5, வருடத்துக்கு 7. ஏழு பிற்றில் 127 வரைதான் எண்ணலாம், எண்ணிக்கை தொடங்குவது 1904 இல். எப்படியும் திவசம் திதிப்படி வருவது. பாமுக்குத் தெரிந்தது ஆங்கில மாதம் மட்டுமே. ஒவ்வொரு வருடமும் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்துப் புதிதாகப் பதிவதே சரி.

? பழைய பாம் தரவை மீட்கும் வேலையில் என்னைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்? (கணினி விஞ்ஞான மாணவி, திருநெல்வேலி)

ஒரு பிடிபி (பாம் தரவுத்தள) கோப்பை எடுத்து, அதை வாசிக்கும் நிரலை நீங்களே எழுதுங்கள். தலைப்பகுதி 78 பைற். முதல் 32 பைற்றில் பெயர், கடைசி இரண்டு பைற்றில் பதிவுகளின் எண்ணிக்கை. அதன்பின் ஒவ்வொரு பதிவுக்கும் எட்டுப் பைற் அட்டவணை, முதல் நான்கு அந்தப் பதிவு தொடங்கும் இடம். பெரிய பைற் முன்னால் வரும், ஏனெனில் ஆரம்பகாலப் பாம்கள் மோட்டோரோலா 68000 வழிவந்த சிப்பில் ஓடின. முகவரிப் புத்தகத்தையும் நாட்குறிப்பையும் விட்டு மெமோவிலிருந்து தொடங்குங்கள், அமைப்பு இலகு. எழுதி முடித்ததும் கொக்குவில் ஆசிரியையின் ஹார்ட் டிஸ்கில் பிடிபி கோப்பு கிடைத்தால் அதில் சோதித்துப் பார்க்க வருகிறீர்களா? அவரிடம் நான் கேட்டு வைக்கிறேன்.