கிராமில் கறார், கிலோவில் தாராளம்

அமெரிக்காவில் வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்கள் எடை விஷயத்தில் மகா கறார். அலுமினியத் தகட்டில் துளை போட்டு நாலு கிராம் மிச்சம் பிடிப்பார்கள். பெயின்ட் எத்தனை கிலோ ஏறும் என்று தூக்கம் கெடுவார்கள். இருக்கை என்று வந்தால் மட்டும் அசல் தோல், இரட்டைத் தையல், விமானத்தின் பதிவு எண்ணுக்கு எம்பிராய்டரி!

உள்ளே வைக்கப் பேர்போன நுரை கான்ஃபர். மெல்ல உட்கார்ந்தால் குழையும். விபத்தில் சட்டென்று மோதினால் இறுகி முதுகெலும்பைக் காக்கும். குளிரிலும் இறுகும், அதுதான் வம்பு. விஸ்கான்சினில் ஜனவரிக் காலையில் ஏறினால் அது மெத்தையல்ல, பலகை. உடனே இருக்கைக்கு ஹீட்டர், அதற்கு ஒயர், சுவிட்ச். நாலு கிராம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. சொகுசுக்கு ஓர் அங்குலம் கூட்டினாலோ, தலை கண்ணாடி மூடியில் இடிக்கும்.

தீப்பிடிக்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்த இருக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டி, வாசலில் நின்று லைட்டரைக் காட்டுகிறாரே, அவர் விவரமானவர். அவரும்கூட எடைக்கணக்கில் ‘விமானி’ என்ற வரிக்கு வந்ததும், தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு, அந்தக் காலத்து 170 பவுண்டையே எழுதுகிறார்.