மஞ்சள் விளக்குக்காரர்

எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். பொள்ளாச்சிப் பக்கம் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், வண்டிக்குப் பதினைந்துக்கு மேல். ஆர்.சி.யைப் புதுப்பித்து வண்டிக்கு இன்னும் 5 வருட ஆயுள் வாங்கி வைத்திருக்கிறார். டீசல் வண்டி, ஃபோர் வீல் டிரைவ். எந்தக் கம்பெனி என்று நான் சொல்வதாக இல்லை. சொன்னால் அதே வண்டி வைத்திருக்கும் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களை எனக்குத் தெரியும். அந்த ஃபோர் வீலை அவர் கடைசியாகப் போட்டது ஒரு ஐப்பசி மழையில், தோப்புச் சேற்றில் மாட்டிய மச்சினனின் காரை இழுப்பதற்கு. மச்சினன் அதை மறக்கப் பார்க்கிறார். இவர் விடுவதாக இல்லை.

அவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால் வண்டியின் சௌக்கியத்தைச் சொல்வார். "நேத்து உடுமலை போயிட்டு வந்தேன், எரியல. இன்னிக்குக் காலைல தோப்புக்குப் போனேன், எரிஞ்சிருச்சு." எது என்று கேட்கத் தேவையில்லை. மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, செக் லைட்.

விடாமல் எரிகிற விளக்கு என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. இது அப்படி எரிவதில்லை. வரும், இரண்டு நாள் இருக்கும், சொல்லாமல் போய்விடும். முக்கியமாக, ஒர்க் ஷாப் வாசலில் ஒருநாளும் எரிந்ததில்லை. "லைட்டே இல்லீங்களேங்ணா" என்று மெக்கானிக் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பொய் சொல்கிறாய் என்று நேருக்கு நேர் சொன்னால்கூட அத்தனை வருத்தம் வராது. அதற்காகவே செல்போனில் வீடியோ வைத்திருக்கிறார். எடுத்தது மனைவி. பாதி அவருடைய கட்டைவிரல், மீதி மஞ்சள் விளக்கு, பின்னணியில் "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்ற குரல். அந்த வீடியோவைக் கல்யாண வீட்டுப் பந்தியில், இலை போட்டுச் சோறு வருவதற்குள் இரண்டு பேருக்காவது காட்டிவிடுவார்.

விளக்கு அணைந்ததும் கோளாறும் கிளம்பிப் போய்விட்டது என்பது அவர் கணக்கு. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அப்படி வேலை செய்வதில்லை. கோளாறு மறைந்தாலும், அடுத்தடுத்து மூன்று ஓட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தால்தான் பெரும்பாலும் அது விளக்கை அணைக்கும். அணைத்த பிறகும் குறிப்பை அழிக்காது. என்ஜின் குளிர்ந்து சூடாவது நாற்பது தடவை நடக்கட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கும். கோளாறு வந்த நொடியில் என்ன வேகம், எத்தனை ஆர்.பி.எம்., என்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் இழுத்தது என்று ஒரு படம்போலப் பிடித்தும் வைத்திருக்கும். ஆக, விளக்கு எரியாத வண்டியிலும் படித்துப் பார்க்க விஷயம் உண்டு. ஆனால் நம்மவர் ஒர்க் ஷாப்புக்குப் போகும் முந்தின ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு பேட்டரி வயரைக் கழற்றிவிடுவார். "கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தாச் சரியாயிரும்" என்று யாரோ சொன்னது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இதனால் குறிப்பு மொத்தமும் காலி. காலையில் நிரபராதியாக நிற்கும் வண்டியைக் கொண்டுபோய் மெக்கானிக் முன் நிறுத்துவார்.

பிறகு ஸ்கேனர் வந்தது. தீப்பெட்டி அளவு சாமான். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் சொருகினால் ப்ளூடூத்தில் செல்போனுக்குச் செய்தி வரும். இன்ஜினியரிங் முடித்த அக்கா மகன் வாங்கிக் கொடுத்தான். "இனி யார்கிட்டயும் போக வேண்டியதில்ல மாமா" என்றும் சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து நம்மவர் பேச்சில் எண்கள் கலந்தன. தலைவலி என்றால் தலைவலி என்று சொல்பவர், வண்டி இழுக்கவில்லை என்றால் "பி ஜீரோ ஜீரோ எட்டு ஏழு" என்பார்.

அது பி0087: டீசல் ரெயிலில் அழுத்தம் குறைவு. இந்த மாதிரி என்ஜினில் பாரம் இழுக்கும்போது டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும். காற்றடித்த டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். அப்பேர்ப்பட்ட இடத்தில் அழுத்தம் குறைகிறது என்றால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், குழாயில் காற்று ஏறியிருக்கலாம், அளக்கிற சென்சாரே உளறலாம், சென்சாருக்குப் போகும் வயர் விட்டுவிட்டுப் பேசலாம். எந்த இடத்தில் கணக்கு உதைத்தது என்று மட்டுமே அந்த நம்பர் சொல்லும். நம்மவர் அதைக் கடைச் சீட்டாகப் படித்தார். பம்பைக் கழற்றி பம்பு லேபுக்கு அனுப்பினார். பதினெட்டாயிரம். வீட்டில் ஆயிரத்து எண்ணூறு என்றார். வண்டிச் செலவை வீட்டில் சொல்லும்போது கடைசி சைபரை விட்டுவிடுவது அவர் பழக்கம்.

அடுத்து பி0101, காற்றை அளக்கும் சென்சார். புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் பழையது ஒன்று வந்தது. அது சரியில்லை என்று கம்பெனிச் சாமான் புதிதாக வந்தது. அடுத்து பி0401, ஈ.ஜி.ஆர். வால்வு. கழற்றிக் கரியைச் சுரண்டியதில் ஒரு லாபம் இருந்தது. வண்டிக்கல்ல, சுரண்டிய பையனுக்கு, அரைநாள் கூலி. பிறகு டர்போ காற்று குறைகிறது என்று பி0299. ஹோஸ்கள் மாறின. ஒவ்வொரு தடவையும் பத்து நாள் விளக்கு வராது. அந்தப் பத்து நாளும் டீக்கடையில் அவர் நிற்கிற நிலையே தனி. பதினோராம் நாள் வேறொரு நம்பரோடு விளக்கு வரும். கழற்றிய சாமான்கள் எல்லாம், பாதிக்கு மேல் பழுதே இல்லாதவை, வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் சாக்குப்பையில் கிடக்கின்றன. வேண்டுமானால் அவற்றை வைத்து இன்னொரு வண்டியே பூட்டலாம்.

இத்தனைக்கும் நடுவே பி0642 என்றொரு நம்பர் வந்து வந்து போனது. சென்சார்களுக்குப் போகும் மூல மின்சாரம், அதாவது 5 வோல்ட், குறைகிறது என்று அர்த்தம். நம்மவர் அதை ஒவ்வொரு தடவையும் பார்த்தார், தாண்டிப் போனார். காரணம் இதுதான்: அந்தப் பெயரில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காது. பார்சலில் வராத கோளாறைக் கோளாறாக மதிக்க அவருக்கு மனம் வரவில்லை. இந்த ஒரு குணத்தால்தான் இந்த வகை மனிதரை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்கிறேன்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பங்கில் கலப்பட டீசல் என்றார் ஒருவர். எலி கடித்திருக்கும் என்றார் இன்னொருவர். எலி விஷயம் ஒன்றும் வேடிக்கையில்லை. நம் ஊரில் நிறுத்திவைத்த வண்டியின் வயரை எலி கடிப்பது அன்றாடம் நடப்பது. பானட்டுக்குள் புகையிலையும் அந்துருண்டையும் கட்டித் தொங்கவிட்டார். அன்றுமுதல் ஏ.சி.யைப் போட்டால் வண்டி பாட்டியின் பட்டுப்புடவைப் பெட்டியாக மணக்கிறது. விளக்கு எப்போதும்போல் வருகிறது.

வால்பாறைக்குக் குடும்பத்தோடு போனார்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. சமவெளியில் சாதுவாக வந்த வண்டி, ஏற ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. எல்லோரும் இறங்கிக் கீழே அணையைப் பார்த்தார்கள், பாறையில் வரையாடு நிற்கிறதா என்று தேடினார்கள். இவர் இறங்கவில்லை, செல்போனில் நம்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் குறைவு, பாரம் அதிகம் என்று எல்லாமே அதில் இருந்தது. அதை முழுதாகப் படித்துவிட்டு அவர் எடுத்த முடிவு: "நம்ம வண்டிக்கு மலை ஒத்துக்கறதில்ல."

கடைசியில் அவரை வயரிங்காரர் ஒருவரிடம் இழுத்துப் போனது மச்சினன்தான். தோப்பில் காரை இழுத்த கடனை அடைத்ததாக எண்ணமோ என்னவோ. வயரிங்காரர் பெரியவர், கண்ணாடியின் ஒரு காதுக்குப் பதில் நூல். நம்மவர் நம்பர் பட்டியலை வாசிக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கம் ஒடிக்கறப்ப வருதுங்க?" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நம்மவருக்குப் பதில் தெரியவில்லை.

என்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் நேரடி அளவு தெரியும்படி வைத்துவிட்டு, பெரியவர் வயர்க் கட்டைக் கையால் பிடித்து விரற்கடை விரற்கடையாக ஆட்டிக்கொண்டே போனார். பேட்டரிப் பக்கம் ஒன்றுமில்லை. கப்ளர்களில் ஒன்றுமில்லை. என்ஜினுக்குப் பின்னால் இரும்பு பிராக்கெட் அருகே ஆட்டியதும் செல்போனில் அளவுகள் தாறுமாறாகத் துள்ளின. என்ஜின் இரண்டு இருமல் இருமியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"எரியுது! எரியுது!" நம்மவர் குதித்தே விட்டார். ஒர்க் ஷாப்புக்குள் அது எரிந்தது அன்றுதான் முதல் தடவை. வீடியோ எடுக்கச் செல்போனைத் தேடினார்.

வயர் மேலுறை பிராக்கெட்டில் உரசித் தேய்ந்து, ஒரே ஒரு வயரில் செம்பு தெரிந்தது. பல சென்சார்களுக்கும் பொதுவாக 5 வோல்ட் கொண்டுபோகும் வயர். மேட்டில் முதல் கியரில் இழுக்கும்போது என்ஜின் தன் ரப்பர்களின்மேல் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வில் செம்பு இரும்பைத் தொடும். அந்த நேரம் எந்த சென்சார் முதலில் உளறியதோ அதன் பெயரில் நம்பர் விழும். ஒர்க் ஷாப்பில் நின்றபடி ஓடும் என்ஜின் ஏன் சாயப்போகிறது? பெரியவர் டேப் சுற்றினார், புது உறை போட்டார், கட்டைத் தள்ளிக் கிளாம்ப் அடித்தார். "எரநூறு குடுங்க."

நம்மவர் அரைமணி நேரம் அங்கேயே நின்றார். "டர்போவும் ஒரு காரணமா இருக்கலாமில்லீங்களாய்யா?" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பெரியவர் அடுத்த வண்டியின் ஹாரனில் இருந்தார்.

வீட்டில் மனைவி திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"சரியாப் போச்சு புள்ள. வயர்தான். எரநூறு ரூபாய்."

"ரெண்டாயிரமா? பரவாயில்லீங்க."

"எரநூறுங்கறேன்."

"சரிங்க, சரிங்க. ரெண்டாயிரம்."

"ஐயோ, மாசாணியம்மன் மேல சத்தியமா எரநூறுதான் புள்ள!"

மனைவியின் கை மொச்சையிலேயே நின்றுவிட்டது. "சத்தியம் வேற பண்றீங்களா? அப்ப இருபதாயிரம்" என்று எழுந்தார், பீரோ சாவியைத் தேடிக்கொண்டு.