செருப்புத் தேய்ந்த தேர்தல்

ஜாக்ஸன் ஹைட்ஸ், நியூயார்க்
8-7-2018

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

  

போன வாரம் டெலிபோனில் தாங்கள், “சாராயம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், இருபது வருஷத்து எம்.பி.யை வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாமே, அது உன் பேட்டைதானா?” என்று கேட்டீர்கள். என் பேட்டையேதான். ஆனால், மாயவரத்தில் அரை நூற்றாண்டுக் காலம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்து, கள்ள ஓட்டுப் போட வருகிறவனை நடையைப் பார்த்தே கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் பெற்ற தங்களுக்கு, அந்த விருத்தாந்தத்தை இரண்டு வார்த்தையில் டெலிபோனில் சொல்லி முடிப்பது மரியாதையாகாது என்று கருதி, விஸ்தாரமாகவே எழுத உட்கார்ந்தேன்.

தாங்கள் நம்பமாட்டாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் 26, செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு என்று இருக்க, அதற்கு முந்தின வாரம் வரையில் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இல்லை, தோரணம் இல்லை, சுவரில் சின்னம் இல்லை, தேர்தல் என்ற ஒன்று வரப்போகிறது என்பதற்கான வாடையே இல்லை. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஏழாம் நம்பர் ரயில் தடதடத்துக்கொண்டே இருக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூவிலும், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் குவித்து வைத்திருக்கும் எழுபத்துநாலாம் தெருக் கடைகளிலும் யாரை விசாரித்தாலும், “தேர்தலா? அது நவம்பரில் அல்லவா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. நவம்பரில் நடப்பது கட்சிக்கும் கட்சிக்கும் நடக்கும் யுத்தம். ஜூனில் நடந்தது, அந்த யுத்தத்திற்கு எந்த அபேட்சகரை அனுப்புவது என்று ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் பிரைமரி என்னும் வாக்கெடுப்பு. தலைவர் வீட்டு வாசலில் சால்வையோடு காத்திருந்து சீட்டு வாங்கும் சம்பிரதாயம் இங்கே இல்லை. கட்சியில் பெயரைப் பதிவு செய்துகொண்ட சாமானிய ஜனங்களே தீர்மானிக்கிறார்கள். கேட்பதற்கு மிகவும் உன்னதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியூயார்க் மாநிலத்தில், வேறு கட்சியிலோ எக்கட்சியிலும் சேராமலோ இருக்கும் வாக்காளர் ஒருவர் இதில் கலந்துகொள்ள விரும்பினால், அதற்கு முந்தின வருஷம் அக்டோபருக்குள்ளேயே தம் பதிவை மாற்றியிருக்க வேண்டுமாம். அதாவது, ஜூனில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்ற ஞானம் அவருக்கு எட்டு மாதம் முன்னதாகவே உதயமாகியிருக்க வேண்டும். அத்தோடும் விடவில்லை, மாநிலப் பதவிகளுக்கான பிரைமரி தனியாகச் செப்டம்பரில் வருகிறது. ஜனங்களுக்கு எவ்வகையிலும் தொந்தரவு கொடுக்கலாகாது என்ற பெருங்கருணையோடு யாரோ இதை அமைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எங்களுடைய பதினாலாவது தொகுதி, க்வீன்ஸின் ஒரு பகுதியும் பிராங்க்ஸின் ஒரு பகுதியும் சேர்ந்தது. டெமாக்ரடிக் கட்சியின் கோட்டையாதலால், ஜூனில் ஜெயித்தவரே நவம்பரில் ஜெயித்தவர். இதன் அங்கத்தினரான ஜோ க்ரௌலி பத்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். க்வீன்ஸ் ஜில்லாக் கட்சித் தலைவர். வாஷிங்டனில் கட்சியின் பிரதான ஸ்தானங்களில் ஒன்றை வகிப்பவர். நாளைக்குச் சபாநாயகராகவே வரக்கூடும் என்று பிரஸ்தாபிக்கப்பட்டவர். அவர் முதன்முதலில் வந்த விதத்தைத் தாங்கள் அவசியம் கேட்க வேண்டும். 1998-இல் இருந்த தாமஸ் மான்டன் என்பவர், தாமே மறுபடியும் நிற்பதாக மனுக் கொடுத்துவிட்டு, வேறெவரும் மனுக் கொடுப்பதற்கான அவகாசம் கடந்த பிறகு சாவதானமாக விலகிக்கொள்ள, அவருடைய இடத்தில் கட்சிக் கமிட்டி க்ரௌலியை நியமித்தது. மாயவரத்தில்கூட இவ்வளவு நேர்த்தியாக யாரும் செய்ததில்லை என்று தாங்கள் பெருமூச்சு விடுவது எனக்கு இங்கேயே கேட்கிறது. 2004-க்குப் பிறகு பிரைமரியில் அவரை எதிர்த்து ஈ காக்கை நிற்கவில்லை.

இப்படிப்பட்டவரை எதிர்த்துத்தான் அலெக்ஸாண்ட்ரியா ஒகாஸியோ-கோர்டெஸ் என்னும் இருபத்தெட்டு வயதுப் பெண் புறப்பட்டாள். பிராங்க்ஸில் பிறந்தவள், தாயார் போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர், பாஸ்டனில் பொருளாதாரம் படித்தவள். தாங்கள் நினைக்கிறபடி சாராயக்கடை அல்ல, மன்ஹாட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பானங்கள் கலந்து கொடுக்கும் உத்தியோகம். புது முகங்களைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அமைப்புக்கு இவளுடைய தம்பி பெயரை எழுதிப்போட, அதிலிருந்து பிறந்ததாம் இவ்வளவும். இங்கே டெபாசிட் கட்டுவதில்லை. அதற்குப் பதிலாக, அதே தொகுதியில் அதே கட்சியில் பதிவானவர்களின் கையெழுத்து 1,250 வேண்டும். விலாசத்தில் பிழை, தேதியில் பிழை என்று தாள் தாளாகக் கிழித்தெறிவதற்கென்றே எதிர்த்தரப்பு வக்கீல்கள் காத்திருப்பதால், கொஞ்சமாவது விவரம் தெரிந்தவர்கள் வேண்டியதைப்போல் மூன்று மடங்கு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் எங்கள் கட்டடத்துக்கும் அவளுடைய தொண்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நனைந்த சட்டையும், கையில் துண்டுப் பிரசுரக் கட்டுமாக நின்ற அந்தப் பையனுடைய கைப்பேசிப் பட்டியலில் என் வீட்டு எண்ணுக்கு நேரே, காலி செய்துகொண்டு போய்விட்ட பழைய குடித்தனக்காரர் பெயர் இருந்தது. நான் பச்சை அட்டைக்காரன், ஓட்டு இல்லாதவன் என்று சொன்னவுடன், நம்மூர்த் தொண்டராயிருந்தால் அடுத்த கணம் முதுகைக் காட்டியிருப்பார். இந்தப் பிள்ளைகள் என் காபியையும் குடித்துவிட்டு, மாடியில் யாருக்கு ஓட்டு உண்டு என்று என்னையே வழிகாட்டியாகவும் அழைத்துக்கொண்டு விட்டார்கள். நாலாவது மாடிக் கொலம்பியாப் பாட்டி கதவைத் திறந்தவள், லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதைப் பற்றி ஸ்பானிய மொழியில் மூச்சு விடாமல் முறையிட்டாள். பையன் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டான். “உங்கள் பெண் வந்தால் லிஃப்ட் ஓடுமா?” என்று பாட்டி முடிக்க, அது கட்டடச் சொந்தக்காரர் பொறுப்பு என்று உண்மையையே சொல்லி, வாடகை ஏறுவதைப் பற்றியும் வைத்தியச் செலவைப் பற்றியும் பேசி, கும்பிடாத குறையாக விடைபெற்றான். வெளியே வந்ததும் கைப்பேசியில் பாட்டிக்கு இரண்டு என்று பதிந்தான். ஐந்துக்கு இரண்டுதானா என்று நான் பரிதாபப்பட்டபோது, ஒன்று என்றால் நிச்சய ஆதரவு, ஐந்து என்றால் நிச்சய எதிர்ப்பு, இரண்டு நல்ல மார்க்குத்தான் என்று விளக்கினான். பிரியாணிப் பொட்டலமில்லை, கவரில் நோட்டில்லை. இவர்களுக்கும் யாரும் படி அளக்கவில்லை. ஆபீஸ் முடிந்து வந்து மாடி ஏறுகிறார்கள். இதில் என்ன லாபம் என்று நான் விசாரித்தது அவர்களுக்கு விளங்கவில்லை.

க்ரௌலியின் தரப்பிலோ, பணம் அவளிடம் இருந்ததைப்போல் பத்து மடங்குக்கும் மேல்; வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த கடுதாசிகள் தபாலில் வந்து குப்பைத் தொட்டியை நிறைத்தன. பிராங்க்ஸில் பார்க்செஸ்டர் என்னும் இடத்தில் நடந்த விவாதக் கூட்டத்திற்கு அவர் தாம் வராமல், நகர சபையின் பழைய அங்கத்தினர் ஒருவரைப் பிரதிநிதியாக அனுப்பிவைத்தார். பெண் பார்க்க மாப்பிள்ளைத் தோழனை மட்டும் அனுப்பிய இந்தக் காரியத்தை ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையே தலையங்கத்தில் கண்டித்தது.

வாக்குப்பதிவன்று விடுமுறை கிடையாது. பாட்டிக்குக் கைத்தாங்கலாகப் பள்ளிக்கூடம் வரையில் நான் போனேன். வாசலிலிருந்து நூறு அடிக்குள் பிரசாரம் கூடாது. உள்ளே, அடையாள அட்டையும் கேட்கவில்லை, விரலில் மையும் வைக்கவில்லை. பதிவேட்டில் அச்சாகியிருந்த பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, காகிதச் சீட்டில் வட்டத்தை நிரப்பி இயந்திரத்தில் செருகுவது, அவ்வளவுதான். ஏஜென்டுகளின் சண்டையில்லை, வரிசையில்லை. உத்தியோகஸ்தர்கள் பாட்டியைக் கண்டதும் கலியாண வீட்டுக்காரர்களைப்போல் எழுந்து உபசரித்தார்கள். தங்களை அங்கே உட்கார வைத்திருந்தால் பத்து மணிக்குள் தூங்கிப்போயிருப்பீர்கள்.

இராத்திரி ஒன்பதுக்குப் பெட்டிகள் மூடின. சற்று நேரத்திற்கெல்லாம் முடிவு தெரிந்துவிட்டது. பிராங்க்ஸில் ஒரு பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடத்தில், தொலைக்காட்சியில் எண்களைக் கண்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பெண் விழித்த விழிப்பை உலகமே பார்த்தது. எங்கள் ஜாக்ஸன் ஹைட்ஸிலே கூடியிருந்த க்ரௌலியோ, மறுவாக்கு எண்ணிக்கை என்றோ சதி என்றோ ஒரு வார்த்தை பேசாமல், கிதாரை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜெயித்தவளுக்கு சமர்ப்பணம் என்று சொல்லி ஒரு பாட்டு வாசித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் ஏற்பட்ட மரியாதை, அவருடைய கடுதாசிகளால் ஏற்படவில்லை.

வித்தியாசம் ஏறக்குறைய 4,000 வாக்கு. பத்திரிகைகள் புரட்சி என்று எழுதுகின்றன. இருக்கலாம். ஆனால் ஏழு லட்சம் ஜனங்கள் வசிக்கும் தொகுதியில், கட்சியில் பதிவான இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் அன்று ஓட்டுப் போட்டவர்கள் முப்பதாயிரம் பேர்கூட இல்லை என்பதைப் பார்க்கும்போது, கோட்டை என்று எல்லோரும் அஞ்சியது, எவரும் போய்க் கதவைத் தட்டாததால் மட்டுமே கோட்டையாக இருந்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் தட்டினாள். வாசல் வாசலாக ஏறி இறங்கி, அடி தேய்ந்து மழைத்தண்ணீர் உள்ளே புகுந்த தன் பிரசாரச் செருப்பைப் படம் பிடித்து அவளே வெளியிட்டிருக்கிறாள். அவள் தட்டாத கதவுகளை என் காபி குடித்த பிள்ளைகள் தட்டினார்கள்.

நவம்பர் வரையில் இனிச் சம்பிரதாயம்தான்; பதவியேற்பு ஜனவரியில். இதை எத்தனை தரம் எடுத்துச் சொல்லியும் பாட்டி கேட்பதாயில்லை. தான் ஓட்டுப் போட்டவள் ஜெயித்தும் லிஃப்ட் அசையவில்லையென்று தினமும் என் கதவைத் தட்டி, அந்தப் பையனுடைய டெலிபோன் நம்பரைக் கேட்கிறாள். சித்திக்கு என் நமஸ்காரம். வருகிறவர்கள் யாரிடமாவது நார்த்தங்காய் கொடுத்தனுப்பச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ரங்கன்