காரணவர் பதில்கள்: சினிமாவை அளக்கும் மரக்கால்

போன இதழில் ஒரு வாசகர், 'உலகத்திலேயே சிறந்த படம் எது?' என்று கேட்டார். 'அடுத்த இதழில் சொல்கிறேன்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வடசேரி முதல் களியக்காவிளை வரை ஆளுக்கொரு மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நாஞ்சில் நாட்டில் நெல் குறைந்தாலும் அளக்கிற ஆசை குறையவில்லை.

முதல் நாள் முதல் காட்சிக்காரர், மார்த்தாண்டம்: வசூல்தானே மாமா படத்தின் தரத்துக்கு அத்தாட்சி?

2003 பொங்கலுக்கு 'தூள்', 'அன்பே சிவம்' இரண்டும் வந்தன. அன்று கல்லாப்பெட்டி நிறைந்தது முதலாவதற்கு. இன்று டீக்கடைப் பேச்சு நிறைவது இரண்டாவதற்கு. வசூலை எண்ணுவது தயாரிப்பாளரின் தொழில். நயா பைசா பங்கு வராத கணக்கை நீ ஏன் மருமகனே ராத்திரி முழுக்க எழுதுகிறாய்?

பழைய ரசிகர், கோட்டாறு: அப்படியானால் எத்தனை நாள் ஓடியது என்பது?

'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதில் நடித்த பாகவதரும் நம்ம என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் மாட்டி, இரண்டாவது தீபாவளியையும் மூன்றாவதையும் சிறையில் கழித்தார்கள். 1947-இல் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தது. படம் ஓடிற்று, நடித்தவர்களால்தான் ஓட முடியவில்லை.

கமல் கட்சி, தக்கலை: 'குணா' தோற்ற படமா, ஜெயித்த படமா? தெளிவாகச் சொல்லும்.

1991 நவம்பர் 5, தீபாவளி. எதிர்த்த தியேட்டரில் 'தளபதி'. அன்று 'குணா' தோற்றது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்து, 'குணா' எடுத்த அதே குகைக்குள் இறங்கி, அதன் பாட்டைப் போட்டதும் தமிழ்நாட்டு அரங்கே எழுந்து நின்றது. மேல்முறையீட்டில் ஜெயித்த வழக்கு. முப்பத்திரண்டு வருஷம் என்பது நம்ம ஊர் சொத்து வழக்குக்குச் சீக்கிரம்தான்.

சங்கீதப் பிரியர், சுசீந்திரம்: பாட்டு இல்லாத தமிழ்ப் படம் நல்ல படமாக முடியுமா?

1954-இல் 'அந்த நாள்' முடிந்தது. பாட்டு கிடையாது. கதாநாயகன் சிவாஜியை ஆரம்பத்திலேயே சுட்டுவிட்டார்கள். கல்லாவும் அதே வேகத்தில் சுருண்டது. இன்று அதை ஒதுக்கிவிட்டுத் தமிழ்ப் படப் பட்டியல் போட்டால், போட்டவரைத்தான் ஒதுக்குவார்கள். இதில் வேடிக்கை, பாட்டே வேண்டாம் என்று எடுத்த இயக்குநர் எஸ். பாலசந்தர் பெரிய வீணை வித்வான். எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவன்தானே வித்வான்!

ஆங்கில இலக்கிய மாணவி, நாகர்கோவில்: உலகத் திறனாய்வாளர்கள் ஓட்டுப் போட்டுப் பட்டியல் வெளியிடுகிறார்களே, அதையாவது நம்பலாமா மாமா?

நம்பு மருமகளே, பத்து வருஷம் மட்டும் நம்பு. 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டெடுக்கிறது. முதலில் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை ஐந்து தடவையும் 'சிட்டிசன் கேன்'. 2012-இல் 'வெர்டிகோ'. 2022-இல் 'ஜான் டீல்மன்'. அந்தக் கடைசிப் படத்தில் ஒருத்தி உருளைக்கிழங்கு தோலுரிப்பதை நின்று நிதானமாகக் காட்டுவார்கள். படம் மூன்று மணி இருபத்தொரு நிமிஷம். உன் அம்மை நாற்பது வருஷமாக மரச்சீனிக் கிழங்கு உரிக்கிறாள். ஒரு ஓட்டு விழுந்திருக்குமா?

அதே மாணவி: கிண்டல் இருக்கட்டும். நம்ம நாட்டுப் படம் அதில் இல்லையா?

இருக்கிறது. 'பதேர் பாஞ்சாலி' 35-ஆவது இடத்தில். 'நாயக'னை 2005-இல் 'டைம்' பத்திரிகை தன் நூறு படங்களில் சேர்த்தது. சேர்க்கும்வரை, 'வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்' என்றோம். சேர்த்த மறுநாள், 'வெள்ளைக்காரனே சொல்லிட்டான்' என்றோம். அவன் மாறவில்லை, நாம்தான்.

கண்ணீர் ரசிகை, இரணியல்: பார்க்கிறவரை அழவைத்தால்தானே சிறந்த படம்?

தீயலுக்கு உள்ளி உரித்துக் கொடு. இடைவேளைக்கு முன்பே அழுதுவிடலாம், டிக்கெட் செலவில்லை.

சிரிப்புக்காரர், ஒழுகினசேரி: அப்படியானால் சிரிப்புப் படங்களுக்கு ஏன் பட்டியலில் இடம் தருவதில்லை?

கேட்கிற ஊரே சரியான ஊர். 1908-இல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தது உங்கள் ஒழுகினசேரியில். குடிக்காதே என்று ஊர் ஊராக உபதேசம் செய்தால் ஜனம் கொட்டாவி விடும். அண்ணா எழுத, கலைவாணர் நடித்து, 1949-இல் 'நல்லதம்பி'யில் அதே உபதேசத்தைக் காசு வாங்கிக்கொண்டு செய்தார்கள். ஜனம் சிரித்துக்கொண்டே கேட்டது. 1969 ஜனவரியில் சென்னையில் கலைவாணர் சிலையை அண்ணா திறந்துவைத்தார். அடுத்த மாதம் அண்ணாவும் போய்ச் சேர்ந்தார். அழவைத்தவருக்கு அலமாரியில் கோப்பை. சிரிக்கவைத்தவருக்கு நடுத்தெருவில் சிலை. எது பெரிசு?

லாலேட்டன் பக்தர், களியக்காவிளை: மலையாளப் படம்தான் படம், தமிழ்ப் படம் வெறும் சத்தம். ஒத்துக்கொள்கிறீரா காரணவரே?

நீ பார்ப்பது மலையாளத்தில் வருகிற நல்ல பத்துப் படம். ஒப்பிடுவது தமிழில் வருகிற மோசமான பத்துப் படம். மாற்றிப் பார்த்தால் கட்சி மாறிவிடுவாய். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம்மைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். ரசனைக்கு மட்டும் இன்னும் பட்டா மாற்றவில்லை. அந்தச் சௌகரியம் சென்னைக்காரனுக்குக் கிடையாது, திருச்சூர்க்காரனுக்கும் கிடையாது. இரண்டு பந்தியிலும் உட்காரக் கிடைத்தவன் எதற்கு ஒரு இலையை மடக்குகிறான்?

சரித்திர ஆர்வலர், பத்மநாபபுரம்: எங்கள் அரண்மனை இல்லாவிட்டால் எத்தனை படம் படுத்திருக்கும் தெரியுமா?

தெரியும். பாசில் 1989-இல் வெளியான 'வருஷம் 16' எடுக்க அங்கே வந்தார். கை ராசி என்று 1993-இல் 'மணிச்சித்திரத்தா'ழுக்கும் வந்தார். அரண்மனை இருப்பது குமரி மாவட்டத்தில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. படம் மலையாளம். அதில் வரும் பேய் மட்டும் நம்ம தஞ்சாவூர்க்காரி. மாநில மறுசீரமைப்பை இவ்வளவு சுருக்கமாக யாரும் படமெடுத்ததில்லை.

கேமராக்காரர், குளச்சல்: காட்சியழகு இருந்தால் போதாதா?

முட்டம் கடற்கரையில் பாரதிராஜா 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தார், 1986-இல் 'கடலோரக் கவிதைகள்' எடுத்தார். அதற்கப்புறம் அதே பாறையில், அதே அலையில், ட்ரோன் பறக்கவிட்டுக் கல்யாண ஆல்பம் எடுக்காத ஜோடி இந்த ஜில்லாவில் உண்டா? கடல் எல்லாருக்கும் ஒரே கூலிக்குத்தான் நடிக்கிறது. வித்தியாசம் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற மண்டையில்.

சுருக்கப் பிரியர், ஆளூர்: படத்தைக் காப்பாற்றுவது ஹீரோவா, டைரக்டரா?

எடிட்டர். உம்முடைய கேள்வியைப் போல.

நூலக உறுப்பினர், பறக்கை: நாவலைப் படமாக்கினால் கெட்டுப்போகும் என்கிறார்களே?

நாஞ்சில் நாட்டு வயல்கள் பிளாட் ஆனபின் இங்கிருந்து ஏற்றுமதியாவது கதைதான். பொன்னீலனின் 'உறவுகள்' 1980-இல் மகேந்திரன் கையில் 'பூட்டாத பூட்டுகள்' ஆனது. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 2002-இல் 'சொல்ல மறந்த கதை'. ஜெயமோகனின் 'ஏழாம் உலக'த்திலிருந்து 2009-இல் 'நான் கடவுள்'. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 2010-இல் 'மகிழ்ச்சி'. புத்தகம் நன்றா, படம் நன்றா என்று தீர்ப்புச் சொல்ல இரண்டையும் கண்டிருக்க வேண்டும். 'புத்தகம்தான் மாஸ்' என்று சொன்ன மூன்று பேரிடம் அட்டை என்ன நிறம் என்று கேட்டேன். மூன்று பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

மொழிக் காவலர், பூதப்பாண்டி: சினிமாவில் நம்ம நாஞ்சில் தமிழ் ஏன் உருப்படியாக வருவதில்லை?

வாக்கியத்துக்கு ஒரு 'லே' ஒட்டினால் திருநெல்வேலி, இரண்டு ஒட்டினால் நாகர்கோவில் என்று யாரோ சினிமாக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒன்று இருப்பது காற்றாலைக்குத் தெரிகிறது, கோடம்பாக்கத்துக்குத் தெரியவில்லை. இந்த மண்ணின் பேச்சும் மருமக்கள் வழிக் குடும்பச் சண்டையும் காதில் விழவேண்டுமானால் 2012-இல் வந்த 'ஒழிமுறி' பாரும். எழுதியது ஜெயமோகன். என்ன, அது மலையாளப் படம்!

கணக்கு வாத்தியார், திருவட்டாறு: லாஜிக் இல்லாத படத்தை எப்படி ஐயா சகிப்பது?

தோல்பாவைக் கூத்தில் ராவணனுக்குப் பத்துத் தலை. எந்தப் பாட்டாவும் எழுந்து, 'இவன் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பான்?' என்று கேட்டதில்லை. கூத்து நன்றாக நடக்கும்போது சந்தேகம் வராது. சந்தேகம் வந்துவிட்டால் கோளாறு தலையில் இல்லை, கூத்தில்.

குடும்பத் தலைவி, திங்கள்சந்தை: நானும் அவரும் சேர்ந்து பார்த்த ஒரே படம், எனக்குப் பிடித்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. யார் சரி?

ஒரே படம் என்று யார் சொன்னது? நீ பார்த்தது திரையை, அவர் பார்த்தது கைபேசியை. இரண்டும் வெவ்வேறு படம். அவருடைய படத்தில் கதை இல்லை என்பது உண்மைதான்.

நட்சத்திரக் கணக்கர், கருங்கல்: விமர்சகர்கள் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் என்கிறார்களே, அந்த அரை எதற்கு?

தயாரிப்பாளர் போன் பண்ணினால் ஏற்றவும், ரசிகர் மன்றம் போன் பண்ணாவிட்டால் இறக்கவும்.

பொறுமைசாலி, தோவாளை: மூன்று மணி நேரப் படம் எடுப்பவர்களைத் தண்டிக்கச் சட்டம் இல்லையா?

நாஞ்சில் கல்யாணப் பந்தியில் பருப்பு, சாம்பார், பிரதமன், ரசம், மோர் என்று எத்தனை சுற்று! பிரதமனில் பப்படத்தை நொறுக்குகிற நேரத்தில் எவனாவது மணி பார்த்தானா? நீளம் குற்றமல்ல. பாயசம் வராமல் பச்சடியையே மூன்று மணி நேரம் விளம்புவதுதான் குற்றம்.

சந்தேகப் பேர்வழி, வடசேரி: எல்லார் மரக்காலையும் உடைத்துவிட்டீர். உம்முடையது எங்கே?

இதோ. படம் விட்டதும் வெளியே வருகிறாய். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று மறந்துபோய் ஒரு நிமிஷம் நிற்கிறாயா? நல்ல படம். அதே படத்துக்காகப் பத்து வருஷம் கழித்தும் டீயை ஆறவிட்டுச் சண்டை போடுகிறாயா? பெரிய படம். வண்டி இருக்கிற இடமும் நினைவிருக்கிறது, டீயும் சூடாகக் குடித்தாய் என்றால், போனது டிக்கெட் காசு மட்டும். சவத்தைத் தள்ளு.

விடாக்கண்டர், மீண்டும் வடசேரி: எனக்கு எல்லாப் படத்துக்கும் வண்டி மறந்துபோகிறதே?

டாக்டரைப் பாரும்.

உள்ளூர்ப் பெருமைக்காரர், அகஸ்தீஸ்வரம்: நீர் பார்க்காமலே பெரிய படம் என்று ஒத்துக்கொள்ளும் படம் ஏதாவது உண்டா மாமா?

ஒன்று உண்டு. உன் ஊர்க்காரர் எடுத்தது. ஜே.சி. டானியல் தன் நிலத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படம் எடுத்தார். மலையாளத்தின் முதல் படம். வந்தது 1928-ஆ, 1930-ஆ என்பதில் இன்னும் அடிதடி. கையில் இருந்தது கரைந்து, பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். இருந்தபோது, 'நீர் தமிழ்நாட்டுக்காரர்' என்று கேரளம் உதவித்தொகைக்குக் கை விரித்தது. 1992 முதல் மலையாள சினிமாவுக்கு அது தரும் மிக உயர்ந்த விருதே அவர் பெயரில்தான்.

வசூல் இல்லை, ஓடிய நாள் இல்லை, பாட்டு இல்லை, நட்சத்திரம் இல்லை. பிரதிகூட ஒன்று மிஞ்சவில்லை. எந்த மரக்காலுக்குள் கொட்டி அளப்பாய்? அதன் நாயகி பி.கே. ரோசி ஒரு தலித் பெண். நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் திரையின் மேல் கல் விழுந்தது. அவர் ஊரை விட்டே ஓடி, வேறு பெயரில் நம்ம பக்கம் வாழ்ந்து முடித்தார் என்பார்கள்.

அந்தப் படத்தின் முதல் காட்சிக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் நாற்காலி இருந்தது. நாயகிக்கு இல்லை.